மைலேஜுக்காக வண்டி மாற்றப் போகிறீர்களா? முதலில் ஒரு துண்டுக் காகிதம் எடுங்கள்

திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. நூல் பில், சாயப்பட்டறை பில், காம்பாக்டிங் பில் என்று வரும் கட்டோடு டீசல் பில்லும் சேர்ந்தே வரும். அதனாலோ என்னவோ, சொந்தத்தில் யாருக்கு வண்டி மாற்றும் ஆசை வந்தாலும் கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது. கடைசியாக வந்தவர் காங்கேயத்து மாமா. "ஏங்கண்ணு, புது வண்டி லிட்டருக்கு இருபத்தி மூணு குடுக்குதாமா. இத மாத்திப்போட்டா என்ன?"

"மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுதுங்க மாமா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஷோரூம்காரர் சொன்ன மைலேஜ் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கிறது, சொந்த ஓட்டம் எவ்வளவு என்பது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒன்றாம் தேதி மீட்டரைப் போனில் படம் எடுங்கள். அடுத்த ஒன்றாம் தேதி இன்னொரு படம். கழித்தால் மாத ஓட்டம் வந்துவிடும். கல்யாணச் சீசனில் மட்டும் பார்த்தால் கூடுதலாகக் காட்டும், ஆகவே சாதாரண மாதம் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ். பங்க்கில் ஃபுல் டேங்க் போடச் சொல்லுங்கள். குழாய் தானாக 'டக்'கென்று நிற்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டா போட்டுரலாங்களா" என்று பையன் கேட்பான், வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நாலு சொட்டுதான் கணக்கைக் கெடுக்கும். மீட்டரைக் குறித்துக்கொண்டு, டேங்க் பாதிக்கு மேல் காலியான பிறகு அதே பங்க்கில் மறுபடி ஃபுல் போடுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் போதும். இரண்டு மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால் நம்பலாம்.

புது வண்டிக்கு விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அப்படியே போடாதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி, ஏ.சி.யை அணைத்து எடுத்த எண். மங்கலம் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிப்ட் விடும்போது அந்த எண் வராது. அதே வண்டியை ஏற்கெனவே ஓட்டுகிற யாரிடமாவது கேளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் விளம்பர எண்ணில் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். மாமா சொன்ன இருபத்து மூன்றை நான் பதினெட்டு என்றுதான் எழுதினேன். அதுவே கொஞ்சம் தாராளம்.

இனிக் கணக்கு. பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், வகுக்கச் சுலபம். மாமாவின் பழைய கார் லிட்டருக்கு 12 தருகிறது. அப்படியானால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 33 காசு. 18 தருகிற வண்டிக்கு 5 ரூபாய் 56 காசு. மிச்சம் 2 ரூபாய் 77 காசு. மாமாவின் ஓட்டம் எப்படிப் பார்த்தாலும் மாதம் 400 கிலோமீட்டர்தான். சிவன்மலை, ஈரோட்டில் மகள் வீடு, நாலு விசேஷம். ஆக மாதம் 1,100 ரூபாய் மிச்சமாகும்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஷோரூம் விலை 7 லட்சம் என்றால் 13 சதவீத சாலை வரி மட்டும் 91,000. இன்ஷூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும்போது எட்டேகால் லட்சம் பக்கம் நிற்கும். பழையது இரண்டேகால் லட்சத்துக்குப் போனால் 6 லட்சம் கடன். 9 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் தவணை மாதம் 12,455 ரூபாய். 1,100 ரூபாய் மிச்சம் பிடிக்க 12,455 கட்டுவது! மாமா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தவணையைப் பெட்ரோல் மிச்சத்தோடு நேராக ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை. தவணை முடிந்தபின் கையில் ஒரு வண்டி இருக்குமே. சரி, நியாயமாகவே போடுவோம். வட்டி மட்டும் ஐந்து வருஷத்தில் 1,47,000 ஆகிறது, வருஷத்துக்கு 29,400. தேய்மானத்துக்கு நான் இன்ஷூரன்ஸ்காரர்கள் அட்டவணையைத்தான் பார்ப்பேன். ஆறு மாதம் தாண்டினாலே 15 சதவீதம் கழிப்பார்கள், ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதம். ஏழு லட்சத்தில் பாதி மூன்றரை. சாலை வரியும் இன்ஷூரன்ஸும் திரும்பி வராது. ஆக எட்டேகாலில் நாலே முக்கால் லட்சம் கரைந்திருக்கும். பழைய வண்டியும் அந்த ஐந்து வருஷத்தில் விலை இறங்கும்தான், ஒன்றரை லட்சம் இறங்கட்டும். கூடுதல் இழப்பு மூன்றேகால் லட்சம், வருஷத்துக்கு 65,000. வட்டியைச் சேர்த்தால் 94,000 சொச்சம். பழைய வண்டிக்கு மெக்கானிக் செலவு வருஷம் 20,000 அதிகம் என்று கழித்தால் 74,000 நிற்கிறது.

அந்த 74,000-ஐ 2 ரூபாய் 77 காசால் வகுங்கள். வருஷம் 26,700 கிலோமீட்டர், மாதம் 2,200-க்கு மேல் ஓட வேண்டும். அதுதான் சமநிலை. தினம் ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் போய் வருகிறவர் மாதம் நாலாயிரத்தைத் தாண்டுவார், அவருக்கு மாற்றுவது லாபம். வாரம் இரண்டு தடவை வண்டி எடுப்பவருக்கு நட்டம். உங்கள் எண்களைப் போட்டால் கோடு கொஞ்சம் இப்படி அப்படி நகரும், ஆனால் 400 கிலோமீட்டருக்கு ஒருநாளும் இறங்கி வராது.

மைலேஜ் எண்ணில் இன்னொரு ஏமாற்று உண்டு. 10-லிருந்து 15-க்குப் போவதும், 20-லிருந்து 25-க்குப் போவதும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டும் ஐந்துதானே. ஆயிரம் கிலோமீட்டருக்கு லிட்டராக மாற்றிப் பாருங்கள். முதலாமவர் 100 லிட்டரிலிருந்து 67-க்கு இறங்குகிறார், 33 லிட்டர் மிச்சம். இரண்டாமவர் 50-லிருந்து 40-க்கு, வெறும் 10 லிட்டர். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் அதிகம் குடிக்கிற வண்டி, அதுவும் அதிகம் ஓடுகிற வண்டி எதுவோ அதை மாற்றுவதில்தான் காசு இருக்கிறது. ஏற்கெனவே இருபது தருகிற காரை இருபத்தைந்துக்காக மாற்றுகிறவர் மைலேஜைச் சாக்காக வைக்கிறார். ஆசைக்கு வாங்குங்கள், தப்பில்லை. கணக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பைக்குக்குப் பைக் மாற்றுவது இன்னும் மோசம். 45-லிருந்து 60-க்குப் போனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஐந்தரை லிட்டர்தான் மிச்சம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் என்றால் கதை வேறு. 100 கிலோமீட்டருக்கு 4 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 400 ரூபாய், 45 தருகிற பைக்கின் பெட்ரோலுக்கோ 2,200. ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்குத் தினம் வேலைக்கு வரும் ஆளுக்கு இது பொருந்தும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் பக்கம் ஓடினால், பழையதை விற்றதுபோக கையிலிருந்து போட்ட ஒரு லட்சம் நாலரை வருஷ வாக்கில் வந்துவிடும். பேட்டரி வாரண்டி அந்த நாலரை வருஷத்தைத் தாண்டுகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குட்டியானை வைத்திருப்பவர்கள் தனி. வியாபார வண்டிக்கு வட்டியையும் தேய்மானத்தையும் வருமான வரியில் செலவாகக் காட்டலாம், வாடகைக்கு ஓடும் வண்டிக்குத் தேய்மான விகிதமே 30 சதவீதம். ஆனால் புது வண்டி வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். துணி ரோல் ஏற்ற சாயப்பட்டறை வாசலில் முக்கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது என்ன மைலேஜ் வண்டியாக இருந்தாலும் டீசலைத் தின்னும். டயர் காற்று, அடைத்த ஏர் ஃபில்டர், ஒட்டிப் பிடிக்கிற பிரேக் இந்த மூன்றையும் பார்க்கச் சில ஆயிரம் ரூபாய் போதும், அதைச் செய்துவிட்டு ஃபுல் டேங்க் கணக்கை மறுபடி போடுங்கள். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்தபின் மைலேஜ் இறங்கியது என்கிறவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. எத்தனாலில் எரிசக்தி குறைவு. பழைய கார்களுக்கு 6, 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அதற்காக வண்டி மாற்ற வேண்டியதில்லை.

பதினைந்து வருஷம் நெருங்கும் கார் என்றால் ஒரு வரி சேருங்கள். ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். வெல்டிங், டிங்கரிங் செய்துதான் ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் அதையும் பழைய வண்டியின் செலவில் எழுதுங்கள். அப்போது மாற்றுவது நியாயமாகலாம். மூன்று நாலு வருஷம் ஓடிய வண்டியை வாங்கினால் தேய்மானத்தின் பெரும்பங்கை முதல் ஆள் கட்டி முடித்திருப்பார். மாமாவுக்கு நான் சொன்னது அதுதான், அதுவும் இந்த வண்டி படுத்தால் மட்டும்.

எல்லாம் பார்த்தும் புதுசுதான் என்று முடிவானால், பழைய இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனஸை, அதாவது கிளைம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியை, விட்டுவிடாதீர்கள். அது வண்டியோடு போகாது, உங்களோடு வரும், 50 சதவீதம் வரை. விற்கும்போதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதற்கான கடிதம் வாங்கி ஷோரூமில் கொடுங்கள். ஆர்.சி.யில் வாங்கியவர் பெயர் மாறிய நகல் கைக்கு வரும்வரை அவரை விடாதீர்கள்.