இரண்டு கோடு தெரிந்த பிறகு வரும் எச்சரிக்கை

கர்ப்பச் சோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே வீட்டின் சட்டதிட்டங்கள் மாறிவிடும். பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது. கழிப்பறையில் ஊற்றும் ஆசிட், படுக்கையறையில் புகையும் கொசுவத்தி, பீரோவில் மணக்கும் அந்துருண்டை ஆகியவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினாலும் தாமதமாகத்தான் பேசுகிறார்கள். கருவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிடாய் தள்ளிப்போய், சந்தேகம் வந்து, சோதித்துப் பார்ப்பதற்குள் அதில் பாதி நாள் போய்விடும். குழந்தைக்கு முயல்வது என்று முடிவெடுத்த நாளிலிருந்தே கவனம் தேவை என்று சொல்வது இதனால்தான்.

அதைவிடப் பெரிய தவறு, எச்சரிக்கை முழுவதையும் மனைவியின் தலையில் கட்டுவது. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்று மாதத்தில் கணவர் எதைத் தொட்டார், எதைச் சுவாசித்தார் என்பதும் கணக்கில் வரும். 1977-இல் கலிபோர்னியாவின் லாத்ரப் ஊரில் இருந்த பூச்சிமருந்துத் தொழிற்சாலையில், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லையே என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு பரிசோதனைக்குப் போனார்கள். நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தைக் கையாண்ட பலருக்கு விந்தணு மிகக் குறைவாக இருந்தது. சிலருக்கு இல்லவே இல்லை. பார்வைக்கு எல்லாரும் திடகாத்திரமானவர்கள். 1979-இல் அமெரிக்கா அந்த மருந்தின் பயன்பாட்டை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தியது. தொழிற்சாலையில் உடலில் சேரும் நஞ்சின் அளவு வேறு, வீட்டில் சேரும் அளவு வேறு. இதைக் காட்டி யாரையும் மிரட்டத் தேவையில்லை. ஆனால் குழந்தையில்லை என்றதும் மனைவியை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துப் போகும் குடும்பங்கள் லாத்ரப் கதையைக் கேட்க வேண்டும்.

வேலையிடத்து நஞ்சு சட்டையோடு வீட்டுக்கு வருவதும் உண்டு. பேட்டரி பட்டறை, பெயிண்ட் அடிக்கும் வேலை, வயலில் மருந்து தெளிப்பது என எதுவானாலும், அந்த உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். குளித்துவிட்டுத்தான் படுக்கையறைக்குள் நுழைய வேண்டும். சட்டையை உதறித் துவைப்பவர் கர்ப்பிணி மனைவியாக இருந்தால், தூசு நேரே அவருக்குத்தான் போகிறது.

குழந்தை வரப்போகிறது என்ற மகிழ்ச்சியில் பல வீடுகளில் செய்யும் காரியம் ஒன்று உண்டு: வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது. புதுப் பெயிண்டின் வாடையைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். உண்மையான ஆபத்து அதற்கு முந்தைய நாளில் இருக்கிறது. பழைய ஜன்னல் கம்பியையும் கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் பொடியில் காரீயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் இன்னும் கம்பியில்தான் இருக்கிறது. காரீயம் உடலுக்குள் போனால் எலும்பில் தங்கிவிடும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது, என்றோ சேர்ந்த காரீயமும் கூடவே இறங்கி, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த பிறப்பு ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. சுரண்டும் வேலையைக் கருத்தரிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால், தரையை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும் வரை கர்ப்பிணி வேறு வீட்டில் இருக்கட்டும்.

சமையலறையிலும் காரீயம் உண்டு. தங்கள் நாட்டுக்கு இறக்குமதியான இண்டாலியம் முதலான சில பாத்திரங்களிலிருந்து அது உணவில் கசியலாம் என்று 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் கவலையில்லை. மலிவாகக் கிடைத்தது என்றால் சந்தேகப்படலாம்.

சுத்தம் செய்யும்போது நடக்கும் தவறு, கறை போகவில்லை என்று இரண்டைக் கலப்பது. பிளீச்சிங் பவுடரும் ஆசிட் கலந்த கழிப்பறை திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, யாருக்கும் ஆகாது.

மூடிய அறையில் எரியும் ஒரு கொசுவத்திச் சுருள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதற்காகக் கொசுக்கடியைத் தாங்கிக்கொள்வதும் தவறுதான். கர்ப்பத்தில் மலேரியாவும் டெங்குவும் புகையைவிடக் கொடியவை. கொசுவலை இருக்கும்போது இந்த இக்கட்டே இல்லை.

பிறந்த குழந்தையைச் சுற்ற, பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய வேட்டியையும் சேலையையும் எடுப்பது நம் வழக்கம். அந்தப் பெட்டியில் நாப்தலீன் அந்துருண்டை கிடந்திருந்தால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த ஆவியே சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையை வரவழைக்கும். துவைத்து வெயிலில் நன்றாக உலர்த்திய துணியைத் தனியே எடுத்து வையுங்கள்; அந்துருண்டையை வீட்டை விட்டே அகற்றிவிடலாம்.

'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை' என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகம் கோபம் வரவழைப்பது. 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க்கில் கர்ப்பிணிகள் ஆறு பேரின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. தேடிப் பார்த்ததில் காரணம், இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகள். உலோகம் சேர்ந்த பஸ்பம், செந்தூர வகைகளைக் குழந்தைப்பேற்றுக்காக உண்பவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்கக் கூடாது. சிவப்பழகு கிரீம்களும் அப்படித்தான். 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில் அவற்றிலிருந்த பாதரசம் பலரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பாதரசமும் நஞ்சுக்கொடியைக் கடக்கும்.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, அதில் சேரும் தாலேட், பிஸ்பீனால் போன்ற வேதிப்பொருட்கள் ஹார்மோன்களைக் குழப்புவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மனிதர்களிடம் கிடைத்த சான்றுகளில் பெரும்பாலானவை தொடர்பைக் காட்டுபவை. காரணத்தை நிரூபிப்பவை அல்ல. கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காமல், தூக்குவாளியில் வாங்கினால் போதும். இருக்கிற டப்பாவையெல்லாம் தூக்கி எறிந்து, விலையுயர்ந்த 'நச்சில்லா' சாமான்கள் வாங்குவது வீண் செலவு.

குழந்தைப்பேறு மருத்துவரிடம் போகும்போது இருவரின் தொழிலையும், அன்றாடம் கையாளும் பொருட்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதிக்கலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். உணவில் கால்சியம் போதாத கர்ப்பிணிக்கு அந்த நிலையில் கால்சியம் மாத்திரையும் அது பரிந்துரைக்கிறது.