மீன்தொட்டியின் நீரளவு: கணக்கில் நேரும் பிழைகள்

மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ எல்லை தாண்டிப் பாறசாலையிலோ, எங்கே வாங்கினாலும் மீன்தொட்டியை அடிக்கணக்கில்தான் கேட்கிறோம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டிக்குப் பெருக்கிப் பார்த்தால் 56 லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. மருந்து விடும்போதும் இதே எண்ணை எடுத்துக்கொள்வதுதான் முதல் பிழை.

அந்த அளவுகள் கண்ணாடியின் வெளிப்புறத்துக்கு உரியவை. 5 மி.மீ. கண்ணாடி என்றால் நீளத்திலும் அகலத்திலும் 10 மி.மீ. வீதமும், உயரத்தில் 5 மி.மீ.யும் கழியும். விளிம்பு வரை யாரும் நிரப்புவதும் இல்லை. மேலே 4 செ.மீ. விட்டால், உள்ளே ஒன்றுமே போடாத தொட்டியில்கூட 46 லிட்டர்தான் நிற்கும்.

சரளையைக் கழிக்கும்போது பிழை எதிர்த்திசையில் நேர்கிறது. 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பிய சரளை, அந்த அடுக்கின் இடமான 9 லிட்டரையும் அடைத்துக்கொள்வதாகச் சிலர் கொள்கிறார்கள். கற்களின் இடுக்குகளிலும் நீர் நிற்கிறது. பொதுவாக அடுக்கில் ஐந்தில் இரு பங்கு நீரே என்பதால், இழப்பு 5 லிட்டர் சொச்சம்தான். குழித்துறை ஆற்றில் கிடைக்கும் உருண்டைக் கற்களை அழகுக்கு வைத்தால், ஏறக்குறைய 2.6 கிலோவுக்கு ஒரு லிட்டர் கழிக்கலாம். மீன் ஒளிவதற்குக் கவிழ்த்து வைக்கும் சிரட்டைக்கு எதையும் கழிக்க வேண்டியதில்லை. ஆக மிஞ்சுவது 40 லிட்டர். 56 லிட்டருக்கென்று அளந்த மருந்து அதில் நாற்பது சதவீதம் கூடுதலாகிறது. செம்பு கலந்த மருந்தானால், இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் இது விளையாட்டல்ல.

வெளிநாட்டு மருந்துப் புட்டிகளில் அளவு காலனில் இருந்தால், அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர் என்பதையும் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இத்தனை கழித்தலைவிட வாளியே நம்பகமானது. ஆனால் வாளியில் அச்சிட்ட அளவு விளிம்பு வரைக்கும் உரியது. வழக்கமாக நிரப்பும் மட்டத்தில் ஒரு கோடிட்டு, தராசில் வைத்து வாளியின் எடையைக் கழித்தால், கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று தெரிந்துவிடும். புதுத் தொட்டியில் சரளையும் கல்லும் வைத்த பிறகு வாளிகளை எண்ணி ஊற்றினால் வேறு கணக்கே வேண்டாம். மீன் வாழும் தொட்டியானால், நீர் மாற்றும் நாளில் எத்தனை வாளி எடுத்தபோது மட்டம் எத்தனை செ.மீ. இறங்கியது என்று அளந்தால், ஒரு செ.மீ.க்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். நாம் பேசும் தொட்டியில் 10 செ.மீ. இறங்கினால் 17 லிட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். வெளியே பொருத்திய வடிகட்டியில் நிற்கும் நீரையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சித்திரை வெயிலில் மட்டம் தானாகக் குறையும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது, நாம் தொட்டியில் போட்டிருக்கும் உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகையால் ஈடுகட்ட ஊற்றும் நீருக்கு மறுபடி உப்பு சேர்க்கக் கூடாது. வாளியால் எடுத்துக் கொட்டிய நீருக்குப் பதிலாக ஊற்றுவதற்கு மட்டும், எடுத்த லிட்டருக்கு ஏற்பச் சேர்க்க வேண்டும்.