பாக்கியை வசூலிக்க வழக்குப் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பெயர்ப்பலகை, பேனர் வேலை செய்யும் தம்பிகள் சிலர் வராத பணத்தை எப்படி வாங்குவது என்று என் கடைக்கு வந்து கேட்பார்கள். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் நான் தொழிலுக்கு வந்த புதிதில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். இன்வாய்ஸைப் பத்திரமாக வை, வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதே என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்த விஷயம். அதை விட்டுவிடுகிறேன்.

ஆள் மாற்றி வழக்குப் போடுவது

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வேலை ஒழுங்காக நடந்திருக்கும், பாக்கியும் உண்மையாக இருக்கும். விண்ணப்பத்தில் எழுதிய ஒரு பெயரால் எல்லாம் பாழாகும்.

ஒரு தம்பி ஓர் உணவகத்துக்கு விளக்குப் பலகை செய்து மாட்டினார். பாக்கி 6,400 வெள்ளி. ஆர்டர் கொடுத்தவரை எல்லோரும் "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி அவர் பெயரிலேயே வழக்குப் போட்டார். பதிவாளர் முன் கலந்துபேச அழைத்த நாளில் அந்த "பாஸ்" அமைதியாகச் சொன்னார்: "நான் அங்கே மேனேஜர்தான். பலகை கம்பெனிக்குச் செய்தது." அது உண்மை. உணவகத்தை நடத்தியது வேறு பெயரில் பதிவான ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். பலகையில் எழுதியிருந்த பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அந்தப் பலகையைச் செய்தவரே இவர்தான்! வழக்கைத் திரும்பப் பெற்று, கட்டணத்தை மறுபடியும் கட்டி, சரியான பெயரில் போடுவதற்குள் உணவகம் கதவை மூடிவிட்டது.

சட்டத்தில் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தனி ஆள் மாதிரி. அதன் கடனுக்கு இயக்குநரின் சொந்தப் பணத்தில் பொதுவாகக் கைவைக்க முடியாது. தனி உரிமையாளர் தொழில் என்றால் கதை வேறு; அங்கே கடையும் முதலாளியும் ஒன்றுதான், அவரே பொறுப்பு. எது எது என்று நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடினால் தெரிந்துவிடும். பெயர், யூஇஎன் என்ற பதிவு எண், நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்பதை இலவசமாகவே பார்க்கலாம். முழு விவரத்துக்குச் சில வெள்ளிதான் செலவு.

வாடிக்கையாளரின் கடையில் ஒரு தே வாங்கிக் குடியுங்கள். ரசீதின் தலைப்பில், கடைப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர் இருக்கும். முன்பணம் எந்தப் பெயரிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்தது என்றும் பாருங்கள். இதையெல்லாம் வழக்குக்கு முன்னால் செய்வதைவிட, கோட்டேஷன் எழுதும் அன்றே செய்து, அந்தப் பெயரையும் யூஇஎன்னையும் அதிலேயே போட்டு, கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று கூச்சப்படாதீர்கள். ஒழுங்காகப் பணம் தருபவர் யாரும் இதற்குக் கோபித்ததில்லை.

"அடுத்த மாசம் தர்றேன்" என்பதை நம்பி இருப்பது

பணம் வரவேண்டிய உரிமை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்கைப் பதிய வேண்டும். 2019க்கு முன்னால் ஓராண்டுதான் இருந்தது. நம் ஆட்கள் முகத்தாட்சணியத்தில், கோயிலில் பார்க்கிறோம், கல்யாணத்தில் பார்க்கிறோம் என்று நாளைக் கடத்துகிறார்கள். கெடு உங்கள் உறவைப் பார்த்து நிற்காது.

பில்லைத் துண்டு போடுவது

இந்த மன்றத்தில் கேட்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000. பாக்கி 26,000 என்றால் அதை இரண்டு 13,000 ஆக்கி இரண்டு வழக்குப் போட முடியாது. எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளாவிட்டால் 6,000ஐ விட்டுக்கொடுத்து 20,000க்குப் போகலாம். பல பேருக்கு மனசு வராது. வழக்கமான நீதிமன்றத்தில் சிவில் வழக்குக்கு ஆகும் செலவையும் காலத்தையும் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சம்பளப் பாக்கி, கைமாற்று

இந்த வழக்குகளை இந்த மன்றத்தில் எடுக்கமாட்டார்கள்.

வக்கீல் தேடுவது

வக்கீலுக்கு அனுமதி இல்லை. நீங்களே பேச வேண்டும்.

தீர்ப்பு வந்ததும் ஓய்வெடுப்பது

உத்தரவு கைக்கு வந்தால் பணம் வந்த மாதிரி என்று நினைத்து அப்புறம் ஏமாறுகிறார்கள். மன்றம் உங்களுக்காக வசூல் செய்யாது. எதிராளி கட்டவில்லை என்றால் அமலாக்க உத்தரவுக்கு நீங்கள்தான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவும் உண்டு. பறிமுதல் செய்யச் சாமானோ, வங்கிக் கணக்கில் பணமோ இருந்தால்தான் பலன். எனவே பதியும் முன்பே அந்தக் கடைப் பக்கம் ஒருமுறை போய், வியாபாரம் நடக்கிறதா, சரக்கு இருக்கிறதா, கதவில் "வாடகைக்கு" என்று ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.