பனியன் ஏற்றுமதியில் வரிச் சலுகையையும் உற்பத்தித்திறனையும் ஒரே கணக்கில் பார்ப்பது எப்படி

திருப்பூரில் இருபது தையல் இயந்திரங்களோடு நேரடி ஏற்றுமதியில் இறங்குகிறவருக்கு இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கும். "இன்ன நாட்டோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது, அங்கே வரி கிடையாது, ஆர்டர் பிடியுங்கள்" என்று ஏற்றுமதி ஆவணங்களைப் பார்ப்பவர் சொல்வார். "பீஸ் எண்ணிக்கையைக் கூட்டினால் விலை தானாகக் கட்டுப்படியாகும்" என்று தயாரிப்பைப் பார்ப்பவர் சொல்வார். இரண்டும் ஒரு பீஸின் விலையைப் பற்றிய பேச்சுதான் என்றாலும், பெரும்பாலான சிறு நிறுவனங்களில் இவை ஒரே தாளில் எழுதப்படுவதே இல்லை. அந்த ஒரு தாளை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன். கணக்குகளில் வரும் விலைகளும் நேரங்களும் எடுத்துக்காட்டுக்கானவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

நிரந்தரக் கணக்கு எண்ணை வைத்தே வழங்கப்படும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண், ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தின் உறுப்பினர் சான்று, வங்கியில் பதிவு ஆகியவற்றை நீங்கள் முடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். அவை எளிய வேலைகள். கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சரக்கின் எண்ணைச் சரியாகப் பிடியுங்கள்

உலகச் சுங்கத் துறைகள் பொதுவாகப் பயன்படுத்தும் சரக்கு வகைப்பாட்டில் பின்னலாடைகள் 61ஆம் அத்தியாயத்திலும், நெய்த துணியில் தைத்தவை 62ஆம் அத்தியாயத்திலும் வருகின்றன. காலரும் பொத்தானும் கழுத்துத் திறப்பும் இல்லாத டி-ஷர்ட் 6109இல் சேரும். ஆண்களுக்கான காலர் வைத்த பின்னல் சட்டை 6105க்குப் போகும். புல்லோவர் வகைகள் 6110க்குப் போகும். 86 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரமுள்ள குழந்தைகளுக்கான ஆடைகள் 6111க்குப் போகும். டி-ஷர்ட்டிலும் பருத்திக்கு 6109.10 என்றும் மற்ற இழைகளுக்கு 6109.90 என்றும் பிரிவு உண்டு. கலப்புத் துணியில் எந்த இழை எடையில் மிகுதியோ அதைக் கொண்டே வகை தீர்மானிக்கப்படுகிறது. எனவே பருத்தி 95 விழுக்காடும் எலாஸ்டேன் 5 விழுக்காடும் உள்ள துணி பருத்திதான். பாலியஸ்டர் 60, பருத்தி 40 என்றால் அது பருத்தி அல்ல.

இது ஏட்டளவு வேறுபாடு அன்று. அமெரிக்காவின் வழக்கமான வரி அட்டவணையில் பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 விழுக்காடு; செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு 32 விழுக்காடு. நான் ஆவணங்கள் பார்த்த ஓரிடத்தில், முந்தைய ஆர்டரின் பட்டியலை அப்படியே எடுத்து எண்ணை மாற்றாமல் கலப்புத் துணிச் சரக்கை அனுப்பிவிட்டோம். துணியின் லேபிளில் 60/40 என்று இருந்தது. இன்வாய்ஸில் பருத்தி என்று இருந்தது. இறக்குமதியாளர் கட்ட நேர்ந்த வரி வித்தியாசமும் அபராதமும் அடுத்த பில்லில் எங்கள் பற்றாக வந்து நின்றன. அன்று முதல் துணியின் கலவையை நூல் பில்லிலிருந்து மட்டுமே எடுத்து எழுதுவது என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

மூன்று வரி விகிதங்களை அருகருகே எழுதுங்கள்

எண் கிடைத்ததும், சரக்கு இறங்கும் நாட்டில் அந்த எண்ணுக்கு உள்ள பொது வரி, ஒப்பந்தத்தின்படி இந்தியச் சரக்குக்கு உள்ள வரி, உங்களோடு போட்டியிடும் நாட்டுச் சரக்குக்கு உள்ள வரி ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முதலிரண்டை எல்லோரும் பார்க்கிறார்கள். மூன்றாவதைப் பார்ப்பவர்கள் குறைவு. உலக வணிக அமைப்பின் அடிப்படை விதிப்படி ஓர் உறுப்பு நாடு மற்ற எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே வரியைத்தான் விதிக்க வேண்டும். தடையற்ற வணிக ஒப்பந்தமும், வளரும் நாடுகளுக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் தரப்படும் தனிச்சலுகையும் அந்த விதிக்குள்ள முக்கியமான விலக்குகள். நமக்குப் போட்டியான வங்கதேசம் பல சந்தைகளில் இந்த இரண்டாம் வழியாக வரியின்றி நுழைகிறது.

ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே 1 அன்றும், ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தம் அதே ஆண்டு டிசம்பர் 29 அன்றும் நடைமுறைக்கு வந்தன. இரு நாடுகளிலும் ஆடைகளுக்குப் பொது வரி 5 விழுக்காடு. நமக்கு அது நீங்கியது. பார்க்க ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியா 2003 ஜூலை முதலே மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்கை வரியின்றி ஏற்கிறது. ஆகவே அங்கே நமக்குக் கிடைத்தது வங்கதேசத்துடன் சமநிலை மட்டுமே. அமீரகத்தில் கிடைத்ததோ உண்மையான முந்துநிலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆடைக்குப் பெரும்பாலும் 12 விழுக்காடு வரி உள்ள நிலையில், வங்கதேசம் 2001 முதல் வரியில்லாமல் விற்று வருகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் எடுத்த முடிவின்படி அந்நாடு பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறக் குறிக்கப்பட்ட நாள் 2026 நவம்பர் 24. அதற்குப் பிறகும் ஐரோப்பிய ஒன்றியம் மூன்றாண்டு இடைக்காலம் தருவதால், அந்த நாளன்றே ஆர்டர்கள் நம் பக்கம் திரும்பிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது.

கையெழுத்தான நாளையும் நடைமுறைக்கு வந்த நாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் 2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்தானது. பலன் வர ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆயின. பிரிட்டனுடனான ஒப்பந்தத்தில் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானதுமே, அங்கே ஆடைக்குள்ள 12 விழுக்காடு வரியை விலையில் கழித்துப் பேசத் தொடங்கியவர்கள் உண்டு. சரக்கு இறங்கும் நாளில் எந்த வரி நடப்பில் இருக்கிறதோ அதுதான் வரி. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்கு மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 விழுக்காட்டை எட்டியபோது, தைத்து அட்டைப்பெட்டியில் அடைத்துவிட்ட சரக்குக்கும் அதே நிலைதான் நேர்ந்தது.

சரக்கு நம் நாட்டினுடையது என்று நிறுவுவது

சலுகை இந்தியாவிலிருந்து கிளம்பும் சரக்குக்கு அன்று, இந்தியாவில் உருவான சரக்குக்கு. அதை முடிவுசெய்பவை மூலவிதிகள். ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு சரக்கு எண்ணுக்கும் தனி விதி அட்டவணையில் இருக்கும். அதைப் படிக்காமல் பொதுவாக முடிவெடுக்காதீர்கள். ஆடைக்கான விதிகள் பொதுவாக மூன்று கடுமைகளில் அமையும். துணியை எங்கிருந்து வாங்கினாலும் வெட்டித் தைத்தால் போதும் என்பது இளகிய விதி; துணியும் உள்ளேயே உருவாக வேண்டும் என்பது நடுத்தரம்; நூலிலிருந்து எல்லாமே உள்ளே நடக்க வேண்டும் என்பது கடுமையானது.

வியட்நாமுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே 2020 ஆகஸ்ட் 1 முதல் நடப்பிலுள்ள ஒப்பந்தம் நடுத்தர வகை. சீனத் துணியை நம்பியிருக்கும் வியட்நாம் ஆலைகள் அதனால் சிரமப்படுகின்றன. திருப்பூரின் நிலை வேறு. கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரங்களின் நூற்பாலைகளிலிருந்து நூல் வருகிறது. நிட்டிங் என்னும் பின்னல், சாயம், துணி பின்னால் சுருங்காதபடி பதப்படுத்தும் காம்பாக்டிங், தையல் எல்லாம் ஊருக்குள்ளேயே நடக்கின்றன. விதி கடுமையாக இருந்தால் நமக்கு நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் கடுமையான விதியை எளிதாக நிறைவேற்றக்கூடிய ஊர்கள் உலகில் மிகச் சிலவே.

மதிப்புக் கூட்டல் கேட்கும் விதியாக இருந்தால், கப்பலேற்றும் விலையிலிருந்து வெளிநாட்டுப் பொருள்களின் மதிப்பைக் கழித்து, மீதியைக் கப்பலேற்றும் விலையால் வகுக்க வேண்டும். 250 ரூபாய் விலையுள்ள பீஸில் இறக்குமதித் துணி 90 ரூபாய் என்றால் 160ஐ 250ஆல் வகுத்து 64 விழுக்காடு. உள்ளூர்க் கடையில் வாங்கிய பொத்தானும் எலாஸ்டிக்கும் வெளிநாட்டில் செய்தவையாக இருக்கலாம். எங்கே உருவானது என்பதற்குச் சான்று இல்லாத பொருளை வெளிநாட்டுப் பொருளாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாகப் போகும் சரக்குக்கு இன்னொரு கவனம் வேண்டும். வழியில் கப்பல் மாறலாம். ஆனால் சரக்கு சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்தது என்பதைக் காட்ட, புறப்படும் இடம் முதல் சேரும் இடம் வரைக்குமான ஒரே கப்பல் சரக்கு ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

சலுகையில் உங்கள் பங்கு எவ்வளவு

இறக்குமதி வரியைக் கட்டுபவர் வாங்குபவர். எனவே வரி நீங்கினால் மிச்சம் முதலில் அவர் கையில்தான் சேர்கிறது. பேசி வாங்கினால் மட்டுமே அதில் ஒரு பகுதி உங்களுக்கு வரும். 250 ரூபாய் பீஸுக்கு 5 விழுக்காடு என்றால் 12.50 ரூபாய். அதில் பாதியை விலையில் பெற்றால் 6.25 ரூபாய். பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் அது 62,500 ரூபாய். ஐந்நூறு பீஸ் ஆர்டரில் 3,125 ரூபாய். சரக்கு இந்தியாவில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழுக்கான கட்டணமும், ஆவணம் திரட்டும் ஆளின் நேரமும், பின்னால் சரிபார்ப்பு வந்தால் ஏற்படும் அலைச்சலும் இதோடு ஒப்பிடப்பட வேண்டும்.

மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தரும் திட்டம் ஆடைகளுக்கு 2019 மார்ச் முதல் உள்ளது. அது நீங்கள் ஏற்கெனவே செலுத்தியதைத் திருப்பித் தருவது என்பதால் வணிகச் சட்டத்தில் இடம் உண்டு. ஏற்றுமதி செய்தாலே பரிசு என்ற வகைத் திட்டங்களுக்கு எதிராக, அமெரிக்கா தொடுத்த வழக்கில் உலக வணிக அமைப்பின் தீர்ப்பாயம் 2019 அக்டோபரில் இந்தியாவுக்குப் பாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆகவே எந்த ஊக்கத்தொகையையும் பீஸ் விலையின் அடித்தளமாக வைக்காதீர்கள்.

தையல் வரிசையில் எட்டு விநாடி

இருபது டெய்லர்கள், எட்டு மணி நேரம்: ஒரு நாளில் 9,600 நிமிடங்கள். டி-ஷர்ட் ஒன்றுக்கு நிர்ணயித்த தையல் நேரம் எட்டு நிமிடங்கள், நாளுக்கு 600 பீஸ் இறங்குகிறது என்றால், பயன்பட்டவை 4,800 நிமிடங்கள். திறன் 50 விழுக்காடு. மீதி 4,800 நிமிடங்கள் எங்கே போயின என்பதை மேசையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரு கைக்கடிகாரத்தோடு வரிசையின் ஓரத்தில் நிற்க வேண்டும்.

வெட்டிய துணிக் கட்டுகளான பண்டல்கள் எங்கே குவிகின்றன என்று முதலில் பாருங்கள். கழுத்துக்கான இழுபடும் பட்டையான ரிப்பை வைத்துத் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தின் அருகே மடிமடியாகத் துணி நிற்கிறது. அதற்கு அடுத்த பேட்லாக் தையல் இயந்திரத்தின் டெய்லர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கழுத்து வேலைக்குப் பீஸுக்கு 48 விநாடி ஆகிறது. மணிக்கு 75, எட்டு மணி நேரத்துக்கு 600. முன்னால் இருப்பவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் கம்பெனியின் உற்பத்தி 600தான். இன்னும் கூர்ந்து கவனித்தால், அந்த டெய்லர் ஒவ்வொரு பீஸுக்கும் ரிப்பை எடுத்து, இரண்டாக மடித்து, இணைப்புத் தையலைத் தேடிப் பொருத்துவதில் எட்டு விநாடி போகிறது. அதைச் செய்து கொடுக்க கைமடி எனப்படும் உதவியாளர் ஒருவரை அருகே நிறுத்தினால் நேரம் 40 விநாடியாகிறது. மணிக்கு 90, நாளுக்கு 720. எட்டு நிமிடத் தையலில் அறுபதில் ஒரு பங்குதான் குறைந்தது. உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு கூடியது.

நாள் கூலியில் வேலை நடந்து, வரிசையின் மொத்தச் செலவு 24,000 ரூபாய் என்றால், பீஸுக்கு 40 ரூபாய் ஆகியிருந்தது. கைமடிக்கு 600 ரூபாய் சேர்த்து 24,600ஐ 720ஆல் வகுத்தால் 34.17 ரூபாய். மிச்சம் 5.83 ரூபாய். பேரம் பேசிப் பெற்ற 6.25க்கு அருகில் இது வந்துவிடுகிறது. ஒப்பந்தமே இல்லாத நாட்டு ஆர்டருக்கும் இது கிடைக்கும்.

பீஸ் ரேட்டில் வேலை நடந்தால் கூலி குறையாது, குறைக்கவும் கூடாது. வாடகை, மின்சாரம், கடன் தவணை, மேற்பார்வை போன்ற நிலைச் செலவு நாளுக்கு 9,000 என்றால், அது பீஸுக்கு 15 ரூபாயிலிருந்து 12.50 ஆகும், கைமடியின் கூலி பீஸுக்கு 83 காசு போக உங்களுக்கு மிச்சம் 1.67 ரூபாய், டெய்லருக்கு வருமானம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கூடிய எண்ணிக்கையைக் காட்டி ரேட்டைக் குறைத்தால் அடுத்த வாரம் அந்த டெய்லர் வேறு கம்பெனியில் இருப்பார், வரிசை மீண்டும் 600க்கு இறங்கும். ஒன்றரை ஷிப்ட் ஓட்டிப் பீஸைக் கூட்டுவதும் உற்பத்தித்திறன் ஆகாது. மிகைநேரத்துக்குச் சட்டப்படி இருமடங்கு ஊதியம் தர வேண்டியிருப்பதால் நிமிடத்தின் விலைதான் கூடுகிறது.

ஒரே பதிவேடு

நூல் பில், நிட்டிங் டெலிவரி சலான், சாயப்பட்டறை ரசீது, கட்டிங் மாஸ்டரின் வெட்டுக் கணக்கு, பண்டல் சீட்டு ஆகியவற்றை ஒரே ஆர்டர் எண்ணின் கீழ் தொடுத்து வையுங்கள். மூலச் சான்றிதழ் பற்றி வெளிநாட்டுச் சுங்கத் துறை கேள்வி கேட்டால் காட்ட வேண்டியவை இவையே. கிலோ துணிக்கு எத்தனை பீஸ், எந்த இயந்திரத்தில் தேக்கம் என்பதைச் சொல்பவையும் இவையே. ஐந்தாண்டுகளுக்காவது இவற்றை அழிக்காதீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதற்குப் பின், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவு சாயக் கூலியிலேயே அடங்கியிருக்கிறது. நொய்யல் ஆற்றுக்காக நாம் சுமக்கும் அந்தச் செலவுக்கும் ரசீதுதான் சாட்சி. விலை பேசும்போது அதை எடுத்துக் காட்டத் தயங்க வேண்டாம்.

விலைப்புள்ளி அனுப்பும்போது இரண்டு விலைகளைக் குறிப்பிடுங்கள்: மூலச் சான்றிதழுடன் 256.25, இல்லாமல் 250. வாங்குபவர் தம் வரி மிச்சத்தைத் தாமே கணக்கிட்டுப் பார்ப்பார். அவர் 253க்கு இறங்கக் கேட்டால், ஒப்புக்கொள்வதற்கு முன் கழுத்து ரிப் இயந்திரத்தில் அந்த வாரம் ஒரு பீஸுக்கு எத்தனை விநாடி ஆனது என்பதைப் பதிவேட்டில் பாருங்கள்.