வீட்டில் எடுத்த குருதி அமுக்க அளவுகளைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்வது எப்படி?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ விடியற்காலையில் பஸ் ஏறிச் சென்று, வரிசையில் நெடுநேரம் காத்திருந்த ஒருவருக்கு எடுக்கப்படும் ஒரேயொரு குருதி அமுக்க அளவு, அவருடைய அன்றாட நிலையை முழுமையாகக் காட்டாது. வீட்டில் ஒழுங்காக எடுத்துத் தொலைபேசியில் சேமித்த அளவுகள் அந்தக் குறையை நிரப்பும்.

மேற்கையில் பட்டி சுற்றும் கருவியையே பயன்படுத்துங்கள். பட்டியில்லாத கைக்கடிகாரம் காட்டும் அளவை நம்பி மருந்தை மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். தேநீர் அருந்தியோ புகைத்தோ அரை மணி நேரமாவது கழிந்த பின், முதுகு சாய்த்து 5 நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் 2 தடவை அளவிடுங்கள். காலையில் மாத்திரைக்கு முன்னரும் மாலையிலும், கிளினிக்குக்கு முந்திய 7 நாட்கள் இவ்வாறு செய்து, முதல் நாளை விட்டு, மற்றவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். அச்சராசரி 135/85 ஐத் தொட்டாலே உயர்வாகக் கருதப்படும். கிளினிக்கின் 140/90 எல்லையோடு ஒப்பிட்டு நிம்மதியடைவது தவறு.

சராசரியையும் திகதிகளையும் கிளினிக் கொப்பியில் ஒரே வரியில் எழுதிச் செல்லுங்கள். நெரிசல் மிகுந்த அறையில் தொலைபேசித் திரையை ஒவ்வொன்றாகப் பார்க்க எவருக்கும் நேரமிராது. மாத்திரை தவறிய நாட்களை மறைக்காதீர்கள், வைத்தியருக்கு அதுவே மிகவும் பயனுள்ள தகவல். குருதிச் சீனி அளவையும் எழுதுவதாயின் அலகையும் குறியுங்கள், ஒரே அளவு அலகுக்கேற்ப வேறு எண்ணாகத் தெரியும்: லீற்றருக்கு 7 மில்லிமோல் என்பது டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம்.

அமுக்கம் 180/120 ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ பேச்சுத் தடுமாற்றமோ இருந்தால், பதிவதை விட்டுவிட்டு உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.