மெல்பேர்னுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: புல் மகரந்தமும் இடிமழை ஆஸ்துமாவும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒவ்வாமைத் தும்மலுக்கும் இழுப்புக்கும் காரணமாகப் பெரிதும் காணப்படுபவை வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளும் கரப்பான்பூச்சியும் ஆகும். வெப்பமும் ஈரமும் அவற்றுக்கு ஏற்றவை என்பதால், அங்கே தொல்லை ஆண்டு முழுவதும் நீடிக்கும். மெல்பேர்னில் முதன்மையான எதிரி வேறு. ஐரோப்பியர் மேய்ச்சலுக்காகக் கொண்டுவந்த ரைகிராஸ் என்னும் புல், மெல்பேர்ன் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தின் பண்ணை நிலங்களெங்கும் பரவியிருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புல் மகரந்தக் காலத்தில், வடக்கிலிருந்து வீசும் வெப்பக் காற்று அதன் மகரந்தத்தை நகருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் வாட்டில் மரத்தின் மீது பலரும் பழி போடுகிறார்கள். ஆனால் அதன் மகரந்தம் கனமானது, காற்றில் வெகுதூரம் பரவாது.

முதல் வசந்த காலத்தில் ஒன்றும் நேரவில்லை என்பதால், இது நமக்கு வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முன்பு அறியாத ஒரு மகரந்தத்துக்கு எதிராக உடல் ஒவ்வாமையை வளர்த்துக்கொள்ளப் பெரும்பாலும் சில பருவங்கள் ஆகும். ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்களிடம், இங்கே வாழும் ஆண்டுகள் கூடக் கூட ஹே ஃபீவரும் (மகரந்த ஒவ்வாமையால் வரும் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு) கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மூன்றாம், நான்காம் ஆண்டில் கண் அரிப்பும் மூக்கொழுகலும் தொடங்கினால், அதைச் சளி என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2016 நவம்பர் 21 மாலை மெல்பேர்னைக் கடந்த இடிமழைக்குப் பின், ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளுக்கு விரைந்தனர். 10 பேர் உயிரிழந்தனர். முழு மகரந்தத் துகள் பெரியது. அது பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். புயலின் ஈரத்தில் அது வெடித்து மிக நுண்ணிய துணுக்குகளாகச் சிதறும்போது, அவை நுரையீரலின் ஆழம்வரை சென்று மூச்சுக்குழல்களை இறுக்குகின்றன. அன்று பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா இருந்ததாகவே தெரியாது. ஆனால் பெரும்பாலோருக்கு ஹே ஃபீவர் இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள், மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். இது நம் சமூகத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் எட்ட வேண்டிய செய்தி என்று நான் கருதுகிறேன்.

ஆகவே செப்டம்பரிலேயே ஜி.பி.யை, அதாவது உங்கள் பொது மருத்துவரை, பாருங்கள். எதற்கு ஒவ்வாமை என்பதைத் தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ காட்டிவிடும். ஹே ஃபீவருக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே தரப்பட்டால் பருவம் முழுவதும் நாள்தோறும் பயன்படுத்துங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள், உடல் நன்றாக இருக்கும் நாட்களிலும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. “பழகிவிடும்” என்ற அச்சத்தில் அதை விட்டுவிடுவது நம்மவரிடையே உள்ள ஆபத்தான வழக்கம். உடனடி நிவாரணம் தரும் நீல நிறப் பஃபரை (இன்ஹேலரை) மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். விக்டோரியாவின் அவசரகால எச்சரிக்கைச் செயலியான விக்எமர்ஜென்சியில் இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு வெளியாகும். ஆபத்து மிகுந்த நாளில், புயலுக்கு முன் வீசும் காற்று தொடங்குவதற்குள் வீட்டுக்குள் சென்று சன்னல்களை மூடுங்கள். வெளிக்காற்றை இழுக்கும் குளிரூட்டியையும் நிறுத்துங்கள்.

மூச்சுத் திணறினால் நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசர் (பஃபரில் பொருத்தி மருந்தை உள்ளிழுக்க உதவும் குழல்) வழியாக நீலப் பஃபரை ஒவ்வொரு முறையாக 4 முறை அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு இழுக்கச் செய்து, 4 நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் 000 என்னும் அவசர உதவி எண்ணை அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். பேச முடியாத அளவுக்குத் திணறினால் காத்திருக்காமல் உடனே அழையுங்கள். ஆம்புலன்ஸ் கட்டணத்தை அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்காது. செலவை நினைத்து அழைக்கத் தயங்கும் நிலை வராதிருக்க, மாநில ஆம்புலன்ஸ் சேவையான ‘ஆம்புலன்ஸ் விக்டோரியா’வில் குடும்ப உறுப்பினராக முன்கூட்டியே சேர்ந்துவிடுங்கள்.

பிறகு வேறு நகருக்கு மாறினால் பரிசோதனையைப் பற்றி மீண்டும் மருத்துவரிடம் கேளுங்கள். பிரிஸ்பேனில் ரைகிராஸைவிட பாஹியா புல்லும் நம் அறுகம்புல்லும் முக்கியம். சிட்னி போன்ற ஈரமான கடலோர நகரங்களில் தூசி உண்ணி மறுபடியும் முன்னுக்கு வரும்.