பதின்பருவப் பிள்ளைகளுடன் கொச்சி வண்டர்லா: இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒரு பயணத் திட்டம்

ஆறு வயதுக் குழந்தையைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போவது எளிது. எந்த ராட்டினத்தில் உட்கார வைத்தாலும் சிரிக்கும், பஞ்சுமிட்டாய் கிடைத்தால் இன்னும் சிரிக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ரயிலிலும் பார்க்கிலும் முழு டிக்கெட், பெரியவருக்கு இணையான சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சொந்தக் கருத்து. அந்தக் கருத்தைக் கேட்காமல் போடும் திட்டத்தில் பணமும் மிஞ்சாது, நல்ல மனநிலையும் மிஞ்சாது. ஆகவே இந்தத் திட்டத்தின் அடிப்படை ஒன்றுதான்: கணக்கு நோட்டில் பாதியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவது.

கோவையில் இருந்து கொச்சி வண்டர்லா தீம் பார்க்குக்குப் போகும் நான்கு பேர் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன்: பெற்றோர் இருவர், ஒன்பதாவதும் பதினொன்றாவதும் படிக்கும் பிள்ளைகள் இருவர். ஈரோடு, திருப்பூர், சேலத்துக்காரர்கள் ரயில் கட்டணத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

படி 1: பார்க்கைத் தேர்ந்தெடுத்தல்

கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில் இருக்கும் பார்க் 2000ஆம் ஆண்டில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது. இன்று நாற்பதை நெருங்கும் பலர் பள்ளிச் சுற்றுலாவில் போனது அங்கேதான். வண்டர்லா என்று பெயர் மாறிய பிறகும் அதை வீகாலேண்ட் என்றே சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெங்களூருக்கு வெளியே பிடதியில் 2005இல் இன்னொன்று வந்தது. சென்னைக்காரர்களுக்குத் திருப்போரூர்ப் பக்கமே ஒன்று வந்துவிட்டதால், அவர்களுக்கு இந்தத் திட்டம் அவ்வளவாகத் தேவைப்படாது. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் கோவைக்கு மிகப் பக்கம், ஒரே நாளில் போய் வரலாம். தண்ணீர் விளையாட்டு போதும் என்றால் அதுவே சிக்கனம்.

பிள்ளைகளுக்கு வேண்டியது தலைகீழாகச் சுழற்றும் ரைடுகள் என்றால் கொச்சிக்கே போகலாம். முன்னோக்கி ஓடிய பாதையிலேயே பின்னோக்கியும் இழுத்துச் செல்லும் ‘ரீகாயில்’ ரோலர் கோஸ்டர் அங்கே இருக்கிறது. எதற்காகப் போகிறோம் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். பார்க்கின் இணையதளத்தில் ரைடுகளின் பட்டியலும் உயரக் கட்டுப்பாடும் இருக்கின்றன. ஆளுக்கு ஐந்து ரைடுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் பிறகு தேவைப்படும்.

படி 2: தேதி

பணம் அதிகம் மிச்சமாவது இந்தப் படியில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்கு விடுமுறையாகவும் கேரளப் பள்ளிகளுக்கு வேலை நாளாகவும் இருக்கும் நாட்களைத் தேடுங்கள். ஏப்ரல், மே இரண்டும் இரு மாநிலங்களுக்கும் விடுமுறை, ஆகவே கூட்டம். டிசம்பர் கடைசி வாரமும் அப்படியே. ஓணத்தை ஒட்டிக் கேரளத்தில் பத்து நாள் அளவுக்கு விடுமுறை வரும், அப்போதும் வேண்டாம். ஆனால் செப்டம்பர் இறுதியில் தொடங்கும் நம் காலாண்டு விடுமுறையின்போது கேரளத்தில் பள்ளிகள் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும். சரஸ்வதி பூஜை, விஜயதசமி, காந்தி ஜெயந்தி, சனி, ஞாயிறு ஆகியவற்றைக் கழித்துவிட்டால் இரண்டு மூன்று வார நாட்கள் கையில் நிற்கும். அவைதான் உங்கள் நாட்கள். அதே வாரம் பிடதிக்குப் போனால் கர்நாடகத்தின் தசரா விடுமுறைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜூன், ஜூலை மாதங்களில் கொச்சி மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலாண்டு விடுமுறைச் சமயத்தில் அது தணிந்திருந்தாலும், பிற்பகலில் இடியுடன் மழை வரும் வாய்ப்பு உண்டு. மின்னல் அடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதற்கேற்ப வரிசையை எப்படி அமைப்பது என்று படி 6இல் சொல்கிறேன்.

வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் தேதியை முடிவு செய்யும் முன் அவளிடம் மாதவிடாய் நாட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நாள் தண்ணீரில் கழியும் இடம் அது. அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் சொல்லமாட்டாள். அம்மாவோ அக்காவோ சாதாரணமாகக் கேட்டால் போதும்.

படி 3: நுழைவுச் சீட்டு

வண்டர்லாவில் சிறுவர் கட்டணத்தை முடிவு செய்வது வயது அல்ல, உயரம். 140 செ.மீ. தாண்டினால் பெரியவர் கட்டணம். பதினான்கு வயதில் அநேகமாக எல்லாரும் அதைத் தாண்டிவிடுகிறார்கள், எனவே நான்கும் முழு டிக்கெட் என்றே கணக்குப் போடுங்கள். அந்த உயரம் இருந்தால்தான் பெரிய ரைடுகளில் ஏற்றுவார்கள் என்பதால் இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வார நாளின் விலையும் வார இறுதியின் விலையும் வேறு வேறு. இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் தள்ளுபடி கிடைப்பதுண்டு. மாணவர் அடையாள அட்டைக்கும், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கும் அவ்வப்போது சலுகை அறிவிக்கிறார்கள். இவற்றைத் தேடும் வேலையை மூத்த பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். நாம் அரை மணி நேரம் தடவுவதை அவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள். சலுகையில் மிச்சமாகும் தொகையில் பாதி அவர்களுக்கே என்று சொல்லிப் பாருங்கள், நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிப்பார்கள்.

வரிசையில் நிற்காமல் போகும் ‘ஃபாஸ்ட் டிராக்’ சீட்டு வேண்டாம். தேதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அதற்கு வேலையே இல்லை.

படி 4: ரயிலும் தங்குமிடமும்

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் தொடங்கும். கோவையிலிருந்து, கொச்சிக்கு இறங்க வேண்டிய எர்ணாகுளம் சுமார் 190 கி.மீ., ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். சென்னைப் பக்கமிருந்து வரும் சில கேரள வண்டிகள் கோவை சந்திப்புக்குள் வராமல் போத்தனூர் வழியாகவே போய்விடும், ஏறும் நிலையத்தைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். இறங்கும் இடத்திலும் அதே கவனம் தேவை: எர்ணாகுளம் சந்திப்பு வேறு, எர்ணாகுளம் டவுன் வேறு. உள்ளூர்க்காரர்கள் சவுத், நார்த் என்பார்கள்.

முதல் நாள் பகலில் போய்ச் சேர்ந்து, இரண்டாம் நாள் பார்க், மூன்றாம் நாள் காலை திரும்புதல். இரண்டு இரவுகள் தங்க வேண்டியிருக்கும். இரண்டாம் இரவை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். நாள் முழுதும் தண்ணீரில் ஊறிய நான்கு பேர் ஈர மூட்டையுடன் நள்ளிரவு நடைமேடையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள், அறைக் காசு பெரிதாகத் தெரியாது. வைற்றிலா அல்லது காக்கநாடு பக்கம் கூடுதல் கட்டிலுடன் ஒரே அறையாகப் பாருங்கள். பார்க்கை ஒட்டியே தங்க வேண்டியதில்லை.

முதல் நாள் மாலையைக் கிட்டத்தட்ட இலவசமாகவே கழிக்கலாம். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகில் ஆளுக்குப் பத்து ரூபாய்க்குள்தான் ஆகும். சீன வலைகள், கடற்கரை, வாஸ்கோ ட காமாவை 1524இல் முதலில் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயம் எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. மட்டாஞ்சேரி யூத ஆலயம் வெள்ளி, சனிகளில் மூடியிருக்கும். திரும்பும்போது 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் வாருங்கள். குளிர்சாதன மின்படகு அது. படகில் நிற்கும் நேரம் முழுக்கப் பிள்ளைகள் படம் எடுப்பார்கள்.

படி 5: பணத்தைப் பிரித்தல்

நான்கு பேருக்கு நான் போடும் கணக்கு இது. நுழைவுக் கட்டணம் அடிக்கடி மாறுவது, நபருக்கு 1,400 என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பதிவு செய்யும் நாளில் விலையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ரயில், போக வர – ரூ. 1,600
பார்க் நுழைவு – ரூ. 5,600
அறை, இரண்டு இரவுகள் – ரூ. 3,600
படகு, மெட்ரோ, பஸ், ஆட்டோ – ரூ. 1,200
வெளியே சாப்பாடு – ரூ. 3,500
பார்க்கினுள் மதியச் சாப்பாடு – ரூ. 1,200
லாக்கர், நைலான் உடை – ரூ. 600
பிள்ளைகளின் சொந்தச் செலவு – ரூ. 1,000
கையிருப்பு – ரூ. 1,700

மொத்தம் இருபதாயிரம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வரி, பிள்ளைகளின் ஆயிரம் ரூபாய். ஆளுக்கு ஐந்நூறு, கிளம்பும் அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும். ஐஸ்கிரீம், குளிர்பானம், ரைடில் எடுக்கும் படம், சாவிக்கொத்து எல்லாம் அதிலிருந்துதான். தீர்ந்தால் தீர்ந்ததுதான். இப்படிச் செய்யாதபோது “அப்பா, அது வாங்கலாமா?” என்ற கேள்வி மணிக்கு நான்கு முறை வரும், ஒவ்வொரு முறையும் நீங்கள் வில்லனாக வேண்டியிருக்கும். சொந்தப் பணம் என்றதும் அதே பிள்ளை விலைப்பட்டியலை இரண்டு முறை படிப்பதைப் பார்க்கலாம். செலவழித்த விதத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. அதுதான் கடினம்.

கையிருப்புத் தொகையைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். கேரளத்தில் திடீரென்று ஹர்த்தால் அறிவித்தால் ஆட்டோவுக்கு அது தேவைப்படும்.

படி 6: பார்க் நாள்

பொதுவாகக் காலை 11 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவார்கள். தண்ணீர் விளையாட்டுகளுக்குத் தனி நேரம் உண்டு, முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள். வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள், சோதனையும் உண்டு. புளிசாதப் பொட்டலத்தை ஒளித்துக்கொண்டு போய் வாசலில் மாட்டிக்கொண்டால், உங்களைத் தெரியாததுபோலப் பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்பார்கள். காலையில் ஒன்பதரை மணிக்கு வெளியே புட்டும் கடலையுமோ அப்பமோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டால், உள்ளே ஒரு வேளைச் சாப்பாடு போதும்.

காக்கநாட்டிலிருந்து பள்ளிக்கரை பக்கம் போகும் பஸ்கள் உண்டு. பெயர்ப்பலகை மலையாளத்தில் மட்டும் இருக்கலாம், கண்டக்டரிடம் “வண்டர்லா?” என்று கேட்டால் போதும். நான்கு பேர் சேர்ந்து ஆட்டோவில் போனாலும் பெரிய வித்தியாசம் வராது.

உடை விஷயத்தில் கண்டிப்பு உண்டு. தண்ணீருக்குள் பருத்தி உடைக்கு அனுமதியில்லை. நைலான், பாலியஸ்டர், லைக்ரா போன்றவைதான். உள்ளேயும் விற்கிறார்கள், ஆனால் திருப்பூர்க்காரர் அங்கே போய்ப் பனியன் வாங்கலாமா? விளையாட்டுக்கு அணியும் பாலியஸ்டர் டி-சர்ட்டும் ஷார்ட்ஸும் ஆண் பிள்ளைகளுக்குப் போதும். பெண்களுக்கு முழுக்கை டி-சர்ட்டும் லெக்கிங்ஸும், பருத்தி கலக்காததாகப் பார்த்து, கரும் நிறத்தில் வாங்குங்கள். கண்ணாடி அணியும் பிள்ளைக்கு, கண்ணாடியைக் கழுத்தோடு கட்டும் கயிறு ஒன்று. போனுக்கு நீர் புகாத உறை.

இப்போது பிள்ளைகள் எழுதிய ஐந்து ரைடுகளை எடுங்கள். திறந்தவுடன் முதல் ஒன்றரை மணி நேரம், அவற்றில் திறந்தவெளியில் இருக்கும் பெரிய ரைடுகளுக்கு மட்டும். வானம் தெளிவாக இருக்கும், வரிசை குறைவாக இருக்கும், வயிறும் நிறைந்திருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலைக்குளமும் சறுக்குகளும். மழை வந்தால் கூரைக்குள் இருக்கும் காட்சிகளுக்கு ஒதுங்கலாம். உலர் ரைடுக்கும் தண்ணீருக்கும் மாறி மாறி ஓடினால் லாக்கருக்கும் உடை மாற்றும் அறைக்கும் நடப்பதிலேயே நாள் போய்விடும்.

பதின்பருவத்தினரை நாள் முழுக்கக் கூடவே வைத்திருக்காதீர்கள். சாப்பாட்டுக்கு 1.30, பிறகு 4 மணி என இரண்டு சந்திப்பு நேரங்களும், குழப்பமில்லாத ஓரிடமும் முடிவு செய்துகொண்டு அவர்களை விட்டுவிடுங்கள். அக்காவும் தம்பியும் பிரியக்கூடாது, அலைக்குளத்துக்கு மட்டும் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்ற இரண்டு விதிகள் போதும். போன்கள் லாக்கரில் இருக்கும் என்பதால் ஆளுக்கொரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டி அனுப்புங்கள். ஏற பயந்தால் கேலி செய்யக்கூடாது என்பது எல்லாருக்கும் பொருந்தும், அப்பாவுக்கும்.

ஐந்தரைக்கு உடை மாற்றத் தொடங்கிவிடுங்கள். ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவார்கள், ஆட்டோக்காரர்களின் பேரமும் அப்போதுதான் ஏறும். ஈரத்துணிக்குத் தடித்த பிளாஸ்டிக் பை இரண்டு வைத்திருங்கள். அறைக்குத் திரும்பும் வழியில் பரோட்டா கடை ஏதாவது கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். அன்றிரவுப் பசிக்கு மட்டும் நான் மேலே எழுதிய சாப்பாட்டுக் கணக்கு போதாமல் போகலாம்.